குழந்தை இருக்கும் வீட்டில் பீடி, சிகரெட் புகையை வெளியே நிறுத்துவது எப்படி

கடலூர் பஸ் ஸ்டாண்டில் பீடி பற்றவைத்தால் 200 ரூபாய் வரை அபராதம் போடலாம். 2008 அக்டோபர் 2 முதல் நாடு முழுக்கப் பொது இடங்களில் இந்தத் தடை நடப்பில் இருக்கிறது. அதே ஆள் மஞ்சக்குப்பத்தில் தன் வீட்டு ஹாலில், மூன்று மாதக் குழந்தையின் தூளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பற்றவைத்தால் கேட்க ஆளில்லை. சட்டம் வாசற்படியோடு நின்றுவிடுகிறது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து போகலாம், சண்டையும் போடலாம். தூளியில் கிடக்கிற பிள்ளையால் இரண்டும் முடியாது. அதனால் நகர வேண்டியது புகைப்பவர்தான். புகை வரும்போதெல்லாம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்கு ஓடுவது அம்மாவின் வேலை ஆகக் கூடாது. கீழே சொல்லும் ஏற்பாடுகள் எல்லாம் இந்த நியாயத்தின் மேல்தான் நிற்கின்றன.

ஜன்னலைத் திறந்தால் போதாதா?

போதாது. அறையில் சேரும் புகையில் பெரும்பங்கு வாயிலிருந்து வருவதல்ல, விரலிடுக்கில் சும்மா புகைந்துகொண்டிருக்கும் நுனியிலிருந்து வருவது. இழுக்கும்போது இருப்பதைவிடக் குறைந்த சூட்டில் அது எரிவதால் நச்சும் கூடுதல். "பீடி சின்னது, புகை கம்மி" என்ற பேச்சை நம்ப வேண்டாம். பீடி இலை அடிக்கடி அணையும், அணையாமலிருக்க விடாமல் இழுக்க வேண்டும். பெரியவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார். பிறந்த குழந்தை 30 முதல் 60 முறை. ஒரே அறை, ஒரே காற்று என்றாலும் உடம்பின் அளவுக்குக் குழந்தை வாங்கிக்கொள்வது அதிகம். அடிக்கடி சளி, காதில் சீழ், இளைப்பு, நிமோனியா எல்லாம் இதோடு சேர்ந்து வருபவை. தூக்கத்திலேயே சிசு இறந்துபோகும் ஆபத்தையும் புகை கூட்டுகிறது.

ஸ்ப்ளிட் ஏ.சி. அறையில் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றுகிறது, புகை எங்கும் போவதில்லை. பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு குடித்தால் கதவின் அடி இடுக்கு வழியாக வெளியே வரும். புதுச்சேரியின் பழைய தமிழ் வீடுகளில் "முற்றம் திறந்துதானே இருக்கு" என்பார்கள். நாலு பக்க அறைகளும் அந்த முற்றத்தைப் பார்த்துத்தான் திறக்கின்றன என்பதை மறந்துவிடுகிறார்கள்.

கடலோர ஊர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. கோடையில் மதியத்துக்கு மேல் காற்று கடலிலிருந்து, அதாவது கிழக்கிலிருந்து வரும். பின்னிரவில் தரையிலிருந்து கடலுக்குத் திரும்பும். விடியற்காலையில் வீட்டுக்குக் கிழக்கே நின்றால் புகை விலகிப் போகும், சாயங்காலம் அதே இடத்தில் நின்றால் நேராகப் படுக்கையறைக்கு வரும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்று வடகிழக்கிலிருந்து அடிக்கும்போது கணக்கு மறுபடி மாறும். திசையெல்லாம் யோசிக்க வேண்டாம் என்றால் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி, புகைப்பவர் நிற்கப்போகும் இடத்தில் பிடித்துப் பாருங்கள். புகை வீட்டுப் பக்கம் சாய்ந்தால் அந்த இடம் உதவாது. காலையிலும் மாலையிலும் ஒருமுறை செய்து பார்க்க வேண்டும்.

இடம் அமைப்பது

திண்ணையும் போர்ட்டிகோவும் வெளியே என்று கணக்கில் வராது, வாசல் கதவு திறக்கும்போதெல்லாம் புகை உள்ளே வரும். ஜன்னல், கதவிலிருந்து 25 அடியாவது தள்ளி இருக்கட்டும். நெருக்கமான தெருவில் அது பக்கத்து வீட்டுக் குழந்தையின் ஜன்னலாக இருந்துவிடலாம், அங்கே தெருமுனைக்குப் போவதைத் தவிர வழியில்லை. மொட்டை மாடி நல்ல இடம், படிக்கட்டுக் கதவைச் சாத்தினால்.

அந்த இடத்தில் இவை வேண்டும்: மூடியுள்ள பழைய பெயிண்ட் டப்பா, அதில் பாதி வரை ஈர மணல், ஒரு ஆணி, அதில் தொங்கும் பழைய சட்டை, கைகழுவக் குழாய் அல்லது வாளித் தண்ணீரும் சோப்பும். புகைப்பவர் வீட்டுச் சட்டையைக் கழற்றிவிட்டு அந்தப் பழைய சட்டையைப் போட்டுக்கொள்கிறார். முடித்ததும் பீடித் துண்டை மணலில் புதைத்து மூடுகிறார். உடனே உள்ளே வரக் கூடாது. கடைசி இழுப்புக்குப் பிறகும் மூச்சில் புகை வந்துகொண்டிருக்கும். பத்து நிமிடம் வெளியே நிற்கட்டும், அதற்குள் சட்டையை மாற்றி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, வாய் கொப்பளித்து, முகம் கழுவலாம். மீசை வைத்திருப்பவர் மீசையையும் சோப்புப் போட வேண்டும். குழந்தையை முத்தமிடும்போது முதலில் படுவது அதுதான். அந்தச் சட்டையை வாரம் ஒருமுறையாவது, குழந்தைத் துணியோடு சேர்க்காமல் துவைக்கவும்.

மூடி எதற்கு என்றால், தவழும் பிள்ளை எதை எடுத்தாலும் வாயில் வைக்கும். அணைந்த துண்டிலும் நிக்கோட்டின் இருக்கிறது. விழுங்கிவிட்டால் வாந்தி, எச்சில் ஒழுகுதல், வெளிறுதல் வரலாம். வாந்தி எடுக்க வைக்க முயலாமல், மிச்சத் துண்டையும் கையில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

முன்பு உள்ளேயே புகைத்த வீடு என்றால் திரைச்சீலை, மெத்தை, சுவர், ஃபேன் இறக்கை எல்லாவற்றிலும் கறை படிந்திருக்கும். ஊதுபத்தியும் ரூம் ஸ்ப்ரேயும் நாற்றத்தை மறைக்கும், கறையை எடுக்காது. திரையைத் துவைத்து, சுவரையும் தரையையும் சோப்புத் தண்ணீரில் துடைக்க வேண்டும்.

பெரியவர்களிடம் பேசுவது

பெரும்பாலான வீடுகளில் முட்டுவது இங்கேதான். பற்றவைத்த பிறகு சொன்னால் அது கண்டிப்பதாக ஆகிவிடும், மாமனார் எழுந்திருக்க மாட்டார். காலையில், காபி கொடுக்கும்போது சொல்லுங்கள்: "மாமா, மாடியில உங்களுக்கு நாற்காலி போட்டு வெச்சிருக்கேன். பாப்பாவுக்கு நெஞ்சு கட்டுது, இனிமே அங்க போய் பிடிச்சுட்டு வந்துடுங்க." நாற்காலி முக்கியம். அது இருந்தால் விரட்டப்பட்ட மாதிரி இருக்காது. மருமகள் சொல்வதைவிட மகன் சொல்வது எடுபடும். மகனும் புகைப்பவர் என்றால் அவர்தான் முதலில் எழுந்து மாடிக்குப் போக வேண்டும். 6, 10, 14 வாரத் தடுப்பூசிகளில் ஒன்றுக்கு தாத்தாவையும் கூட்டிப் போய், அவர் காதுபட டாக்டரிடம் புகையைப் பற்றிக் கேளுங்கள்.

"நாங்கெல்லாம் இதுலதான் வளந்தோம்" என்று பதில் வரும். வளர்ந்தவர்கள் மட்டும்தான் அதைச் சொல்ல மிச்சம் இருக்கிறார்கள் என்பதை மனசுக்குள் வைத்துக்கொண்டு, பேச்சை நாற்காலிக்குத் திருப்புங்கள். விருந்தாளிக்கும் இதே விதிதான், ஒரு மழை நாளில் "இன்னைக்கு மட்டும்" என்று விட்டால் மறுநாள் விதி இருக்காது. மழைக்குக் குடை போதும்.

வண்டியும் கடையும்

காருக்குள் கண்ணாடியை இறக்கினாலும் புகை பின்சீட்டில் தேங்கும். இங்கிலாந்தில் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர் இருக்கும் காரில் புகைப்பதை 2015 அக்டோபர் 1 முதல் சட்டமே தடுக்கிறது. ஸ்கூல் ஆட்டோ பேசும்போது கூலியோடு இதையும் பேசிவிடுங்கள்: பிள்ளைகள் ஏறுவதற்கு முன்பும் வண்டிக்குள் பற்றவைக்கக் கூடாது.

பிள்ளையை அனுப்பிப் பெட்டிக்கடையில் பீடி, சிகரெட் வாங்குவதை இன்றோடு விடுங்கள். 18 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு விற்பது குற்றம். மாட்டுவது கடைக்காரர், அனுப்பியது நீங்கள்.

சாம்பிராணி, கொசுவத்தி

எண்ணெய்க் குளியலுக்குப் பின் ஆயா சாம்பிராணி காட்டுவது ஆசையோடு செய்வது, ஆனால் குழந்தையின் மூச்சுக்குழாய்க்குப் புகை புகைதான். தலையைத் துண்டால் ஒற்றி எடுத்தால் போதும். கொசுவத்திச் சுருள் அதைவிட மோசம்: ஒரு சுருள் முழுதாக எரிந்தால் 75 முதல் 137 சிகரெட் அளவுக்கு நுண்துகள் வெளிவருவதாக 2003இல் வந்த ஆய்வு ஒன்று அளந்தது. சிகரெட்டை வெளியே அனுப்பிவிட்டு சுருளைத் தூளிக்குக் கீழே வைத்தால் பாடுபட்டது வீண். கொசுவலை கட்டுங்கள்.

விட நினைத்தால்

இந்த ஏற்பாட்டில் ஒவ்வொரு பீடிக்கும் மாடி ஏறி, சட்டை மாற்றி, மீசை கழுவ வேண்டியிருப்பதால் சிலருக்கு எண்ணிக்கை தானாகக் குறையும். அப்போது 1800-11-2356 என்ற இலவச எண்ணில் ஆலோசனை கேட்கலாம். நிக்கோட்டின் சூயிங்கம்மில் 2 மி.கி., 4 மி.கி. என்று இரண்டு உண்டு. எழுந்த அரை மணிக்குள் முதல் சிகரெட் தேடுபவருக்கு 4 பொருந்தும், டாக்டரிடம் கேட்டுக்கொள்ளவும். பலர் சாதாரண சூயிங்கம் மாதிரி விடாமல் மென்று, நெஞ்செரிச்சலும் விக்கலும் வந்து தூக்கிப் போடுகிறார்கள். காரம் தெரியும் வரை மெல்ல வேண்டும், பிறகு கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைக்க வேண்டும், காரம் அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். இப்படி அரை மணி நேரம். காபி, ஜூஸ் குடித்து 15 நிமிடம் ஆகாமல் போட்டால் மருந்து சரியாக ஏறாது. மென்று முடித்ததிலும் நிக்கோட்டின் மிச்சம் இருக்கும். காகிதத்தில் மடித்து அதே பெயிண்ட் டப்பாவில் போட்டு மூடிவிடுங்கள்.