கண்மாய்க் கரையோரம் கடை போடப் போகிறீர்களா? அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதைப் பாருங்கள்

செட்டிநாட்டில் ஆத்தங்குடி, கானாடுகாத்தான் பக்கம் வெளியூர்க்காரர்கள் வரத்துக் கூடக் கூட, ஊருணியைப் பார்த்தாற்போல ஒரு டீக்கடை, கண்மாய்க்கு எதிரே நாலு மேஜை போட்டு ஒரு மெஸ், முடிந்தால் ரெண்டு பெடல் படகு என்று நம் பிள்ளைகள் பலரும் யோசிக்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் வாடகை, அடுப்பு, ஆள்கூலி எல்லாம் கணக்குப் போட்டுவிட்டு, அந்த இடத்துக்கு அரசுப் பதிவேட்டில் என்ன பெயர் என்பதைக் கடைசியில் பார்க்கிறார்கள். அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

முதலில் சர்வே நம்பர்

இடத்தைக் காட்டுகிறவரிடம் சர்வே நம்பரும் உட்பிரிவு எண்ணும் கேளுங்கள். சொல்லத் தயங்கினால் பணப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். நம்பர் கிடைத்ததும் தமிழ்நாடு அரசின் இ-சர்வீசஸ் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம் தேர்ந்தெடுத்துப் பட்டாவையும், ஒவ்வொரு சர்வே நம்பரும் என்ன வகை நிலம் என்று எழுதியிருக்கும் அ-பதிவேட்டையும் பாருங்கள். ராயவரம், அரிமளம், கடியாபட்டி எல்லாம் செட்டிநாடுதான் என்றாலும் புதுக்கோட்டை மாவட்டம், சிவகங்கையில் தேடினால் வராது.

அ-பதிவேட்டில் கண்மாய், ஊருணி, குளம், ஓடை, வாய்க்கால் என்று ஏதாவது இருந்தால் அது நீர்நிலைப் புறம்போக்கு. அங்கே கடை கிடையாது, அவ்வளவுதான். "இருபது வருஷமா வீட்டு வரி கட்டுறோம், கரண்ட் இருக்கு" என்று ரசீதை எடுத்துக் காட்டுவார்கள். வரி ரசீது நிலத்துக்கு உரிமை ஆகாது. 1905ஆம் வருஷத்து நில ஆக்கிரமிப்புச் சட்டம் இருக்கிறது, நீர்வளத் துறையின் ஏரி, கண்மாய்களுக்கென்றே 2007இல் தனிச் சட்டமும் வந்தது. அளந்து, கல் நட்டு, நோட்டீஸ் கொடுத்து அகற்ற அவற்றில் வழி இருக்கிறது, அப்போது நீங்கள் போட்ட முதல் போனதுதான்.

புலப்படத்தை நிதானமாகப் பாருங்கள்

புதியவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். பட்டா நிலம் என்றதும் மனசு நிம்மதியாகிவிடுகிறது. ஆனால் புலப்படத்தில், அதாவது நிலத்தை அளந்து போட்ட சர்வே வரைபடத்தில், உங்கள் நிலத்தைச் சுற்றி ஓரங்களில் பக்கத்துப் புல எண்கள் போட்டிருக்கும், அவை ஒவ்வொன்றையும் அ-பதிவேட்டில் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். ரோட்டுக்கும் உங்கள் நிலத்துக்கும் நடுவே ஒல்லியாக ஒரு நம்பர் ஓடும், பார்த்தால் அது கண்மாய்க்குப் போகிற வரத்துக்கால். நேரில் போனால் சித்திரை, வைகாசியில் அங்கே சீமைக்கருவேலமும் மாட்டுத்தடமும்தான் தெரியும். ஐப்பசியில் மழை பிடித்தால் அதே வழியாகத்தான் தண்ணீர் வரும், அதை மூடி நீங்கள் பாதை போட்டால் உங்கள் கடைக்கு மட்டும் நஷ்டமில்லை, கீழே இருக்கிற அடுத்த கண்மாயும் சேர்ந்து காயும். நம் பக்கம் ஒரு கண்மாய் நிரம்பிக் கலுங்கு (உபரி நீர் வெளியேறும் வழி) பாய்ந்துதான் அடுத்தது நிறைகிறது. அதனால் கலுங்குக்கு நேர் கீழே இருக்கிற இடம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

எல்லையில் சந்தேகம் இருந்தால் வட்ட அலுவலகத்தில் மனுப் போட்டு, சர்வேயரை வைத்து அத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். கோடையில் தண்ணீர் நிற்கிற விளிம்பைக் கண்மாயின் எல்லை என்று நினைக்காதீர்கள்.

கண்மாய் யாருடையது?

பொதுவாக 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ளது நீர்வளத் துறை, அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியம். ஊருணி என்றால் சில இடங்களில் கோயிலுடையதாக இருக்கும், அப்போது அறநிலையத் துறையையும் கேட்க வேண்டும். மீன்பாசி ஏலம் எடுத்தவர் "கரையில் கடை போட்டுக்கங்க, நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்வதை நம்ப வேண்டாம். அவர் எடுத்திருப்பது மீனை, கரையை அல்ல.

நில உபயோகம்

பட்டா சுத்தம், வரத்துக்காலும் இல்லை. சரி, இனி அந்த நிலத்தில் வணிகம் செய்யலாமா என்பது வேறு கேள்வி. மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் சர்வே நம்பரைக் கொடுத்து, அது முழுமைத் திட்டத்துக்குள் (மாஸ்டர் பிளான்) வருகிறதா, வந்தால் குடியிருப்பா, வணிகமா, விவசாயமா என்று கேளுங்கள். திட்டத்துக்குள் வராத நஞ்சை, புஞ்சை என்றால் 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 47-ஏ பிரிவில் விவசாயமல்லாத உபயோகத்துக்கு மாற்ற அனுமதி வாங்க வேண்டும், நிலத்தைப் பொறுத்து ஆட்சியரின் இசைவும் தேவைப்படலாம். கட்டடம் கட்டுவதற்கு 2019 விதிகளின்படி தனி அனுமதி, ஒற்றைச்சாளர இணையதளத்தில் போடலாம். ஈரநிலத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டடம் கூடாது என்று 2017 ஈரநில விதிகளில் வரும் கணக்கை வாட்ஸ்அப்பில் எல்லாக் கண்மாய்க்கும் போடுகிறார்கள். பாசனத்துக்கென்று வெட்டிய நீர்நிலைகளை அந்த விதியின் விளக்கமே விலக்கி வைத்திருக்கிறது. அதனால் உங்கள் இடத்துக்கு என்ன நிபந்தனை என்பதை அலுவலகத்திலேயே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டி யோசிக்கிறவர்கள் வனத்துறையிடமும் முதலிலேயே போய்விடுங்கள். அங்கே கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கே வெடி போடுவதில்லை, ஸ்பீக்கர் வைத்த கடையை ஊரே ஏற்காது.

படகும் உரிமமும்

தண்ணீர் பொதுச்சொத்து, கரையில் உங்களுக்கு நிலம் இருப்பதால் படகு விடும் உரிமை வராது. கண்மாய் யாருடையதோ அவர்கள் அனுமதி வேண்டும், இயந்திரப் படகு என்றால் 2021 உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி பதிவும் வேண்டும்.

இவ்வளவும் சரியாக இருந்தால் மீதி சுலபம்: ஊராட்சி, பேரூராட்சி, மாநகராட்சி எதுவோ அங்கே தொழில் உரிமம், சாப்பாட்டுக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவு. கழிவுநீர் கண்மாய்ப் பக்கம் சாயாமல் எங்கே போகும் என்று ஒரு படம் வரைந்து மனுவோடு இணையுங்கள், கேட்காவிட்டாலும். கையில் முதல் குறைவு என்றால் கட்டடமே வேண்டாம், நகர எல்லைக்குள் 2014 தெரு வியாபாரிகள் சட்டத்தில் அடையாள அட்டை வாங்கி, ஒதுக்கிய இடத்தில் தள்ளுவண்டியோடு ஒரு சீசன் ஓட்டிப் பாருங்கள்.