ஜெட் வெண்கலச் சான்றிதழ்: சிறு பட்டறைகள் எங்கிருந்து தொடங்குவது

மத்திய அரசு 2022 ஏப்ரலில் புதுப்பித்த ஜெட் (ZED: குறையில்லாத பொருள், சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பில்லாத உற்பத்தி) திட்டம் உற்பத்தித் தொழில்களுக்கானது. வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மூன்று நிலைகளில் சான்றிதழ் தருகிறது. முதலில் உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு வேண்டும். அது இலவசம், ஆதார், பான் இருந்தால் நீங்களே செய்துவிடலாம், இடைத்தரகருக்குப் பணம் கொடுக்காதீர்கள். சான்றிதழ் உத்யம் விவரங்களை வைத்தே வரும் என்பதால் பழைய முகவரியும், உற்பத்திக்குப் பதிலாகச் சேவை என்று பதிந்த தொழில் குறியீடும் பிறகு தலைவலி. அவற்றை இப்போதே திருத்துங்கள்.

அடுத்து, ஜெட் இணையதளத்தில் உத்யம் எண்ணால் நுழைந்து, ஜெட் முறைகளைப் பின்பற்றுவோம் என்று உறுதிமொழி எடுக்க வேண்டும். இரண்டு நிமிட வேலை.

வெண்கலத்துக்கு 5 அளவுகோல்கள்: தலைமை, தூய்மையான பணியிடம், பாதுகாப்பு, குறித்த நேரத்தில் டெலிவரி, தர மேலாண்மை. வெள்ளிக்கு 14, தங்கத்துக்கு 20. பலர் சறுக்குவது டெலிவரியில்தான். சரக்கு நேரத்துக்குப் போயிருக்கும், எழுத்தில் ஆதாரம் இருக்காது. ஒரு நோட்டில் ஆர்டர் தேதி, ஒப்புக்கொண்ட தேதி, அனுப்பிய தேதி, தாமதக் காரணம் என்று நான்கு நெடுவரிசை போட்டு எழுதிவாருங்கள். தரத்துக்கும் அப்படியே: எத்தனை செய்தோம், எத்தனை கழிந்தது, ஏன். பாதுகாப்புக்கு ஆதாரமாகத் தரும் தீயணைப்பான் படத்தில் காலாவதித் தேதி தெரியட்டும்.

கட்டணம் வெண்கலத்துக்கு ரூ.10,000, வெள்ளிக்கு ரூ.40,000, தங்கத்துக்கு ரூ.90,000. மானியம் குறு நிறுவனத்துக்கு 80%, சிறு நிறுவனத்துக்கு 60%, நடுத்தர நிறுவனத்துக்கு 50%. நேரே தங்கத்துக்கே விண்ணப்பிக்க விதி இடம் தருகிறது. பதிவேடே இல்லாத பட்டறைக்கு அது வீண் ஆசை.