டப்ளின் பப்புக்குப் போகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அயர்லாந்தின் தலைநகரான டப்ளினுக்குச் சுற்றிப் பார்க்கவோ வேலைக்கோ வரும் நம்மவர்கள் பலர் பப்பைப் பற்றி இரண்டில் ஒரு எண்ணத்தோடுதான் வருகிறார்கள். குடிக்காதவருக்கு அங்கே என்ன வேலை என்பது ஒன்று. மேடை போட்டு அயர்லாந்துப் பாட்டுப் பாடும் கேளிக்கை இடம் என்பது இன்னொன்று. ஊர்க்காரர்களுக்கோ அது முதலில் பேச்சுக்கான இடம். ஞானஸ்நானம் முடிந்த குடும்பம் அங்கேதான் கூடும். ஆட்டம் பார்த்துவிட்டு வந்தவர்கள் அதை அங்கேதான் அலசுவார்கள். அடக்கம் முடிந்து திரும்புகிறவர்களும் அங்கே உட்கார்ந்துதான் இறந்தவரைப் பற்றிப் பேசுவார்கள். இதைப் புரிந்துகொண்டு உள்ளே நுழைந்தால் பாதித் தவறுகள் நடக்கவே நடக்காது.

டெம்பிள் பாரோடு திரும்பிவிடுவது

லிஃபி நதியின் தென்கரையில், கருங்கல் பாவிய சந்துகளும் பூத்தொட்டிகளும் சிவப்பு முகப்புமாக இருக்கும் டெம்பிள் பார் பகுதியைத்தான் எல்லோரும் முதலில் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டிய இடம்தான். அங்கே வாசிக்கும் இசைக்கலைஞர்களில் நல்ல திறமைசாலிகள் உண்டு, அது அவர்களுடைய பிழைப்பு. ஆனால் ஒலிபெருக்கிச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவரோடு பேச முடியாது. நகரத்தின் மற்ற இடங்களில் ஆறேழு யூரோவுக்குக் கிடைக்கும் பைண்ட், அதாவது ஒரு பெரிய டம்ளர் பீர், இங்கே பத்து யூரோவை ஒட்டி இருக்கும். பகலில் ஒரு நடை நடந்து படம் எடுத்துக்கொண்டு, மாலையை வேறு இடத்தில் கழிப்பது நல்லது.

அந்த வேறு இடம் தூரத்தில் இல்லை. டெம்பிள் பாரின் கிழக்கு ஓரத்தில், ஃப்ளீட் தெருவில் இருக்கிறது பேலஸ் பார். 1823இல் தொடங்கியது, பத்திரிகைக்காரர்கள் கூடிய இடம். டேம் தெருவை ஒட்டிய சந்துக்குள் ஸ்டாக்ஸ் ஹெட், சவுத் கிரேட் ஜார்ஜஸ் தெருவில் லாங் ஹால். இரண்டும் விக்டோரியா காலத்து மர வேலைப்பாடும் கண்ணாடியும் அப்படியே இருக்கும் கட்டடங்கள். பூல்பெக் தெருவில் மல்லிகன்ஸ் 1854 முதல் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது சவுத் வில்லியம் தெருவின் க்ரோகன்ஸ். அங்கே இசையும் கிடையாது, டிவியும் கிடையாது, பேச்சு மட்டும்தான். சுவரில் மாட்டியிருக்கும் ஓவியங்கள் விற்பனைக்கு. பசித்தால் ஒரு டோஸ்டி, அதாவது சுட்ட ரொட்டிக்குள் சீஸ். நேரம் இருந்தால் கிளாஸ்நெவின் கல்லறைத் தோட்டத்து மதிலை ஒட்டி 1833 முதல் இருக்கும் ஜான் கவனா பப்புக்கும் போய் வாருங்கள். கல்லறை தோண்டுகிறவர்கள் தாகத்துக்கு வந்த இடம் என்பதால் ஊரார் அதை 'கிரேவ்டிக்கர்ஸ்' என்றே சொல்கிறார்கள்.

'மிகப் பழமையான பப்' என்ற பலகையைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். பிரேசன் ஹெட் வாசலில் 1198 என்று போட்டிருக்கும். இப்போது நிற்கும் கட்டடம் 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. முற்றம் அழகானது, அதற்காகவே போகலாம்.

மேசையில் உட்கார்ந்து காத்திருப்பது

சாப்பாட்டு நேரத்தில் சில பப்புகளில் மேசைக்கு ஆள் வருவார்கள். மற்றபடி நீங்கள்தான் எழுந்து கவுன்டருக்குப் போக வேண்டும். அங்கே வரிசை எதுவும் தெரியாது. ஆனால் யார் முன்னால் வந்தார், யார் பின்னால் வந்தார் என்பது பார்மேனுக்கு நன்றாகத் தெரியும். விரலைச் சொடுக்குவது, நோட்டை ஆட்டுவது, 'ஹலோ' என்று கத்துவது, இவை எல்லாம் உங்களைக் கடைசிக்குத் தள்ளும். கண்ணைப் பார்த்து லேசாகத் தலையசைத்தால் போதும். கவுன்டரில் வாங்குவதற்கு டிப்ஸ் எதிர்பார்க்க மாட்டார்கள். மேசைக்குச் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தால் பத்து சதவீதம் வைக்கலாம்.

கின்னஸ் என்ற கறுப்பு பீர் கேட்கிறீர்களா? அதை முதலில் சொல்லுங்கள், மற்றவற்றை அப்புறம் சொல்லுங்கள். அது இரண்டு கட்டமாக ஊற்றப்படுவது. டம்ளரைச் சாய்த்துப் பிடித்து முக்கால் பங்கு ஊற்றி அப்படியே வைத்துவிடுவார்கள். பழுப்பு நிறம் கலங்கி, கறுப்பு கீழேயும் வெண்ணுரை மேலேயுமாகப் பிரிந்த பிறகே மீதி. மொத்தம் 119.5 விநாடி என்பது நிறுவனம் சொல்லும் கணக்கு, அதாவது சுமார் இரண்டு நிமிடம். வழக்கமான பீரில் இருக்கும் கரியமில வாயுவோடு இதில் நைட்ரஜனும் சேர்ந்திருக்கிறது. அதன் குமிழிகள் மிகச் சிறியவை, அதனால்தான் நுரை பாலேடு மாதிரி நிற்கிறது. 1959இல் மைக்கேல் ஆஷ் என்ற கணித வல்லுநர் கின்னஸ் நிறுவனத்தில் உருவாக்கிய முறை இது. பாதி ஊற்றி வைத்திருக்கும் டம்ளரை 'எனக்குத்தான்' என்று எடுத்துக்கொண்டு போவது புதிதாக வருகிறவர்கள் அடிக்கடி செய்வது. அது உங்களுடையதுதான், ஆனால் இன்னும் முடியவில்லை. பார்மேன் தானாகத் தள்ளிக் கொடுப்பார்.

அளவிலும் ஒரு குழப்பம் உண்டு. பைண்ட் என்றால் 568 மில்லி. 'எ கிளாஸ்' என்று கேட்டால் அதில் பாதிதான் வரும். கொஞ்சமாகக் குடிக்க நினைப்பவர்கள் தயங்காமல் அதைக் கேட்கலாம்.

ரவுண்டு புரியாமல் ரவுண்டில் சேருவது

நம்மவர்கள் நல்ல எண்ணத்தோடேயே தடுமாறும் இடம் இது. நம் ஊரில் கூப்பிட்டவர் பணம் கொடுப்பார், இல்லை என்றால் கல்லாவில் நின்று 'நீ இரு, நான் கொடுக்கிறேன்' என்று இழுபறி நடக்கும். அலுவலக நண்பர்கள் என்றால் கடைசியில் மொத்தத்தைத் தலைக்கு வகுப்பார்கள். டப்ளினில் இந்த மூன்றும் இல்லை. நான்கு பேர் போனால் ஒருவர் எழுந்து நால்வருக்கும் வாங்கி வருவார். அதுதான் ஒரு ரவுண்டு. டம்ளர்கள் காலியாகும் நேரத்தில் அடுத்தவர் எழுவார். யாரும் கேட்க மாட்டார்கள், யாரும் கணக்கு எழுத மாட்டார்கள். ஆனால் யார் முறை என்பது மேசையில் உள்ள எல்லோருக்கும் தெரியும்.

அதனால் ஒருவர் வாங்கிக் கொடுத்ததை ஏற்றுக்கொண்டால் உங்களுக்கும் ஒரு முறை வந்துவிடுகிறது. இரண்டு ரவுண்டு வாங்கிக்கொண்டு, தன் முறை வரும் நேரத்தில் 'பஸ் போய்விடும்' என்று எழுந்து போகிறவரை யாரும் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆனால் மறக்க மாட்டார்கள். சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்றால் முதல் ரவுண்டை நீங்களே வாங்கிவிடுங்கள். விருந்தோம்பலாக நினைத்து எல்லா ரவுண்டுக்கும் நீங்களே பணம் கொடுக்கவும் வேண்டாம். முறை மாறி மாறி வருவதில்தான் அந்த நட்பு இருக்கிறது. அதை மறித்தால் மற்றவர்களுக்குச் சங்கடமாகிவிடும்.

இந்த வழக்கத்துக்கு ஒரு மோசமான பக்கமும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. ஆறு பேர் கூடினால் ஆறு பைண்ட் ஆகிவிடும், மெதுவாகக் குடிப்பவரும் வேகமாகக் குடிப்பவரின் கணக்குக்கு இழுக்கப்படுவார். ஆரம்பத்திலேயே 'நான் தனியாக வாங்கிக்கொள்கிறேன், நன்றி' என்று சொல்வது முழுக்க மரியாதையானதுதான். ரவுண்டில் இருந்துகொண்டே உங்களுக்கு மட்டும் மதுவில்லாத கின்னஸ் 0.0 கேட்கலாம். இன்று பல பப்புகளில் அது குழாயிலேயே வருகிறது, நிறத்திலும் நுரையிலும் வித்தியாசம் தெரியாது.

குடிக்காதவர் வாசலோடு நிற்பது

அயர்லாந்தில் மதுவைத் தொடாதவர்களுக்கு நீண்ட மரபு இருக்கிறது. 1838இல் கார்க் நகரில் ஃபாதர் மேத்யூ தொடங்கிய மதுவிலக்கு இயக்கத்தில் லட்சக்கணக்கானவர்கள் உறுதிமொழி எடுத்தார்கள். டப்ளின் ஓ'கானல் தெருவில் அவருக்குச் சிலை நிற்கிறது. 1898இல் டப்ளினில் தொடங்கிய 'பயனியர்' சங்கத்தார் சட்டையில் குத்திக்கொள்ளும் சிறு சின்னத்தை இன்றும் வயதானவர்களிடம் பார்க்கலாம். அவர்களும் பப்புக்கு வந்து பேசிக்கொண்டிருப்பவர்கள்தான். டீ, காபி, க்ளப் ஆரஞ்ச், எலுமிச்சையும் ஆரஞ்சும் சேர்ந்த ராக் ஷாண்டி, எதை வேண்டுமானாலும் கேளுங்கள். ஏன் குடிக்கவில்லை என்று விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

சாப்பாட்டில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். கின்னஸ் ஸ்டூ பெரும்பாலும் மாட்டிறைச்சி. டப்ளினின் சொந்த உணவான காடலில் பன்றி இறைச்சியும் சாசேஜும் இருக்கும். சைவர்களுக்குச் சீஸ் டோஸ்டி, உருளைக்கிழங்கு சிப்ஸ், இறைச்சி இல்லையா என்று கேட்டுவிட்டுச் சூப். பல பப்புகளில் அடுப்பு ஒன்பது மணிக்குள் அணைந்துவிடும், சில பழைய பப்புகளில் அடுப்பே கிடையாது. அப்புறம் டேட்டோ பாக்கெட்தான் துணை. 1954இல் தொடங்கி, சீஸ் வெங்காயச் சுவையைச் சிப்ஸுக்குள் கொண்டுவந்த டப்ளின் நிறுவனம் அது. பாக்கெட்டை நீளவாக்கில் கிழித்து மேசை நடுவில் விரித்து வைப்பார்கள், எல்லோரும் எடுத்துக்கொள்ளலாம். கையில் மூடிப் பிடித்துத் தனியாகச் சாப்பிடாதீர்கள்.

பெண்கள் தனியாகப் போகலாமா என்றும் கேட்பார்கள். தாராளமாகப் போகலாம். ஆனால் இது தானாக வந்த உரிமை இல்லை. கெஹோஸ் மாதிரியான பழைய பப்புகளில் கதவு போட்ட சின்னத் தடுப்பறையைப் பார்ப்பீர்கள், ஸ்னக் என்பார்கள். ஆண்கள் கண்ணில் படாமல் பெண்கள் உட்கார்ந்த இடம் அது. பெண்களுக்கு முழு பைண்ட் தர மறுத்த பப்புகளும் இருந்தன. பத்திரிகையாளர் நெல் மெக்காஃபெர்டி ஒரு கூட்டம் பெண்களோடு போய் எல்லோருக்கும் பிராந்தி வாங்கிக்கொண்டு, கடைசியாக ஒரே ஒரு பைண்ட் கேட்டார். பைண்ட் மறுக்கப்பட்டது. அப்படியானால் பிராந்திக்கும் பணம் கிடையாது என்று எழுந்துவிட்டார்கள். 2000ஆம் ஆண்டின் சம உரிமைச் சட்டம் அந்தப் பாகுபாட்டுக்கு முடிவு கட்டியது. இன்று ஸ்னக்கில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். உள்ளே ஏற்கனவே ஆள் இருந்தால் மட்டும் நுழையாதீர்கள்.

செஷனைக் கச்சேரியாகவோ ரேடியோவாகவோ நினைப்பது

செஷன் என்பது பப்பில் கலைஞர்கள் கூடி உட்கார்ந்து அயர்லாந்தின் மரபு இசையை வாசிப்பது. டப்ளினில் எனக்கு மிகவும் அருமையாகத் தோன்றுவது இதுதான், அதிகமாகக் கெடுக்கப்படுவதும் இதுதான். ஒரு மூலை மேசையைச் சுற்றி ஃபிடில், புல்லாங்குழல், டின் விசில், கான்செர்டினா, பான்ஜோ, இலன் பைப்ஸ் என்று வாத்தியங்களோடு ஐந்தாறு பேர் உட்கார்ந்திருப்பார்கள். மைக் இல்லை, மேடை இல்லை, முன்னால் தாளும் இல்லை. ஒருவர் ரீல் என்ற நடன மெட்டு ஒன்றைத் தொடங்குவார், தெரிந்தவர்கள் சேர்ந்துகொள்வார்கள். ஒரு மெட்டை இரண்டு மூன்று தடவை வாசித்துவிட்டு, நிறுத்தாமல் அடுத்ததற்குத் தாவுவார்கள். ஒருவர் புருவத்தைத் தூக்குவதுதான் சைகை. அவர்கள் ஒருவருக்கொருவர் வாசித்துக்கொள்கிறார்கள், நாம் பக்கத்தில் இருந்து கேட்க அனுமதிக்கப்பட்டவர்கள்.

இதற்குச் சிறந்த இடம் ஸ்மித்ஃபீல்டில் உள்ள காபிள்ஸ்டோன். 2021இல் அந்த இடத்தை ஒட்டி ஹோட்டல் கட்டத் திட்டம் வந்தபோது மக்கள் தெருவில் இறங்கி ஊர்வலம் போனார்கள், மாநகராட்சி அனுமதி மறுத்தது. மெரியன் ரோவில் உள்ள ஓ'டொனஹூஸ் இன்னொன்று. 1962இல் 'தி டப்ளினர்ஸ்' குழு உருவானது அங்கேதான்.

அங்கே செய்யக்கூடாதவை என்ன? காலியாகத் தெரியும் மூலை நாற்காலிகளில் உட்காராதீர்கள், அவை வாசிப்பவர்களுக்கு. கைபேசியை முகத்துக்கு நேரே நீட்டிப் படம் எடுக்காதீர்கள். தெரிந்த சினிமாப் பாட்டையோ டெம்பிள் பாரில் கேட்ட பாட்டையோ வாசிக்கச் சொல்லாதீர்கள். சேர்ந்து கைதட்டாதீர்கள். கச்சேரி கேட்டுப் பழகிய கை தாளம் போடத் துடிக்கும், தெரியும். தொடையில் மெல்லப் போட்டுக்கொள்ளுங்கள். ஜிக் என்ற நடன மெட்டு ஓடும் ஆறு எண்ணிக்கை பிடிபட்டதும் கேட்பதன் சுகமே மாறிவிடும். ஆட்டுத்தோல் போர்த்திய போரான் என்ற மேளத்தைத் தூக்கிக்கொண்டு கேட்காமல் நடுவில் போய் உட்கார்வது பெரிய தப்பு.

இடையில் யாராவது வாத்தியம் இல்லாமல் தனியாகப் பாடத் தொடங்கினால் அந்த மூலை முழுவதும் பேச்சை நிறுத்திவிடும். நீங்களும் நிறுத்துங்கள். கவுன்டரில் எதையாவது வாங்க வேண்டியிருந்தால் பாட்டு முடியட்டும்.

வாயில் வரக்கூடாத பெயர்கள்

அமெரிக்காவின் 'ஐரிஷ்' பார்களில் 'ஐரிஷ் கார் பாம்ப்' என்று ஒரு மதுக் கலவை உண்டு. டப்ளினில் அதைக் கேட்டுவிடாதீர்கள். 1974 மே 17 அன்று மாலை, வேலை முடிந்து மக்கள் வீடு திரும்பும் நேரத்தில், டப்ளினில் மூன்று கார்களும் மோனஹனில் ஒரு காரும் வெடித்து 33 பேர் இறந்தார்கள். டப்ளினில் குண்டு வெடித்த டால்பட் தெரு, பார்னெல் தெரு, சவுத் லெய்ன்ஸ்டர் தெரு எல்லாம் நீங்கள் நடந்து போகும் தெருக்கள்தான். அந்தக் குடும்பங்கள் இன்னும் நியாயம் கேட்டுக்கொண்டிருக்கின்றன.

'பிளாக் அண்ட் டேன்' என்ற கலவைப் பெயரும் அப்படித்தான். 1920இல் அயர்லாந்தின் விடுதலைப் போரை ஒடுக்கப் பிரிட்டன் திரட்டி அனுப்பிய காவல்படைக்கு மக்கள் வைத்த பெயர் அது. அந்த ஆண்டு செப்டம்பரில் டப்ளினுக்கு வடக்கே பால்பிரிகன் ஊரை எரித்தவர்கள் அவர்கள். கலவைதான் வேண்டும் என்றால் 'ஹாஃப் அண்ட் ஹாஃப்' என்று கேளுங்கள். பேச்சுவாக்கில் அயர்லாந்தைப் பிரிட்டனோடு சேர்த்துச் சொல்வதையும் தவிர்க்க வேண்டும். டப்ளின் தனிக் குடியரசின் தலைநகரம், பெல்ஃபாஸ்ட் இருக்கும் வட அயர்லாந்துதான் பிரிட்டனோடு இருப்பது.

நேரமும் சட்டமும்

மது வாங்க 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். இளமையாகத் தெரிந்தால் வயதுச் சான்று கேட்பார்கள், பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். பகலில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாம். ஆனால் இரவு ஒன்பதுக்கு மேல் அவர்கள் இருக்கக்கூடாது, மே முதல் செப்டம்பர் வரை பத்து. 2004 மார்ச் 29 முதல் உள்ளே புகை பிடிக்க முடியாது. சாதாரண பப்புகள் திங்கள் முதல் வியாழன் வரை 11.30க்கும், வெள்ளி சனி 12.30க்கும், ஞாயிறு 11க்கும் விற்பனையை நிறுத்தும். விளக்கை அணைத்து அணைத்துப் போடுவார்கள். கையில் இருப்பதை முடிக்க அதன்பிறகு அரை மணி நேரம் உண்டு. டம்ளரோடு தெருவுக்கு இறங்காதீர்கள், டப்ளின் தெருவில் குடிப்பதற்கு மாநகராட்சி விதி தடை போட்டிருக்கிறது.