பெயரை அடித்தால் போதுமா? சாட்சியின் ரகசியம் காப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெண்கள், குழந்தைகள் தொடர்பான வழக்குகளுக்குப் புதிதாக வரும் ஜூனியர்களும், அலுவலகங்களில் புதிதாக கோப்பு பார்ப்பவர்களும், நாங்கள் அந்தக் காலத்தில் செய்த அதே சொதப்பல்களைத்தான் செய்கிறார்கள். எஃப்.ஐ.ஆரை வாட்ஸ்அப்பில் அனுப்பாதே, நிருபரிடம் பேசாதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பெயரை அடித்துவிட்டு மற்றதை விட்டுவைப்பது

இன்றும் எரிச்சல் வருவது இதற்குத்தான். பெயர் இருக்கும் இடத்தில் கறுப்பு மை. அடுத்த வரியில் அப்பா பெயர், படிக்கும் பள்ளி, வகுப்பு, தெரு. ஐந்நூறு வீடு உள்ள ஊரில் இது போதாதா?

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 33(7)-ஐப் பிரித்துப் பாருங்கள். குழந்தையின் அடையாளம் என்றால் குடும்பம், பள்ளி, உறவினர், அக்கம்பக்கம், அடையாளத்தைக் காட்டிக்கொடுக்கும் வேறு எந்தத் தகவலும் அதில் அடங்கும் என்று அங்கேயே விளக்கம் இருக்கிறது. பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிட்டால் பி.என்.எஸ். (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா) 72-ன் கீழ் இரண்டு ஆண்டுவரை சிறை.

பொள்ளாச்சி வழக்கில் பெயரைக்கூட அடிக்கவில்லை. 2019-ல் விசாரணையை சி.பி.ஐ.க்கு மாற்றிய அரசாணையிலேயே புகார் கொடுத்த பெண்ணின் பெயர், கல்லூரி, அண்ணன் பெயர் எல்லாம் இருந்தன. புகார் கொடுத்த பிறகு அந்த அண்ணன் தாக்கப்பட்டிருந்தார் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது, பெயரை நீக்கிப் புது அரசாணை வெளியிடவும் சொன்னது. ஆனால் அந்த அரசாணையைப் பார்த்த இன்னொரு பெண் எந்தத் தைரியத்தில் புகார் கொடுக்க வருவாள்? 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவியின் எஃப்.ஐ.ஆர். இணையத்தில் கசிந்தபோது, பி.என்.எஸ்.ஸுக்கு மாறியதில் தொழில்நுட்பக் கோளாறு என்று விளக்கம் வந்தது. அதற்கும் 25 லட்சம், இடைக்கால இழப்பீடாக. இத்தகைய எஃப்.ஐ.ஆர்.கள் பொதுவெளிக்கு வரவே கூடாது என்று நிபுண் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018-லேயே சொல்லியிருந்தது.

இதெல்லாம் செய்தியில் வந்தவை. வராதவைதான் அதிகம். ஓர் அலுவலகத்திலிருந்து ஒரு சிறுமிக்கு நிவாரணத் தொகை அனுமதித்துக் கடிதம் போனது. உடல் பகுதியில் பெயர் இல்லை, சரி. ஆனால் 'பொருள்' வரியில் முழுப் பெயரும் ஊரும். கீழே 'நகல்' பட்டியலில் தலைமையாசிரியர், கிராம நிர்வாக அலுவலர், இன்னும் இருவர். தபால் பதிவேட்டில் ஏறி, நான்கு மேசையில் கிடந்து, ஒரே வாரத்தில் ஊருக்கே தெரிந்துவிட்டது. அந்த அம்மா பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார். விசாரணையின்போது கூண்டில் ஏறி, "எனக்கு எதுவும் ஞாபகம் இல்லீங்க" என்றார். பிறழ்சாட்சி, அதாவது முன்பு சொன்னதை மாற்றிச் சொன்னவர் என்று பதிவாகி முடிந்தது. கடிதம் தட்டச்சு செய்தவர் அந்தப் பக்கம் வரவே இல்லை. கையெழுத்துக்குப் போகும்முன் பொருள், பார்வை, நகல், இணைப்பு நான்கையும் படியுங்கள். வழக்கு எண்ணும் தேதியும் போட்டாலே கோப்பு நகரும்.

ஜீப்பில் போய் சம்மன் கொடுப்பது

சீருடையில் நான்கு பேர் வாசலில் நின்றால் தெருவே கூடும். சாட்சி இல்லையென்றால் குடும்பத்தில் வயது வந்தவரிடம் கொடுக்கலாம், பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுக்க சட்டத்தில் இடமில்லை. சாட்சிக்குப் பதிவுத் தபாலிலோ மின்னணு முறையிலோ நகலை அனுப்பும்படி நீதிமன்றம் உத்தரவிட பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 71-ல் வழி இருக்கிறது. கேட்டால்தான் கிடைக்கும்.

"ஊருக்கே தெரிஞ்சதுதானே சார்"

தெரியட்டும். உங்கள் முத்திரையோடு தெரிய வேண்டாம்.

மிரட்டல் வந்த பிறகு மனு போடுவது

மகேந்தர் சாவ்லா வழக்கில் 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்ற சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தில், மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் மனு கொடுக்கலாம். காவல் துறை மிரட்டல் பற்றி அறிக்கை தரும், விசாரணை தனி அறையில் நடக்கும். அடையாளத்தை மறைத்து வைக்கும்படியும் கேட்கலாம். அப்புறம் ஒன்று: குற்றப்பத்திரிகை நகல் எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்குப் போகும் என்பதை மறந்துவிடுகிறார்கள். வாக்குமூலத்தில் ஒரு பகுதியை நகலிலிருந்து விலக்கும்படி புலனாய்வு அதிகாரி நீதிமன்றத்தைக் கேட்க முடியும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 173(6), இப்போது பி.என்.எஸ்.எஸ். 193-ல் இருக்கிறது. குற்றப்பத்திரிகையோடு சேர்த்தே அந்தக் குறிப்பு போக வேண்டும். நகல் கைமாறிய பிறகு அதைக் கேட்டு ஒரு பயனும் இல்லை.