தமிழ்த் தலைப்பு வெட்டுப்படாமல் இருக்க ஒரு சின்ன ப்ளகின்

ஏற்காட்டில் பூ மழை விழுந்து ஒன்பது பத்து நாளில் காபிச் செடி வெள்ளை வெளேரென்று பூத்துவிடும். அதைப் பற்றி ஒரு ஏப்ரலில் என் தளத்தில் ‘சேர்வராயன் மலையில் காபி பூக்கும் மாதம்’ என்று எழுதினேன். டிசம்பரில் ‘சேர்வராயன் மலையில் காபி பறிக்கும் மாதம்’ என்று இன்னொன்று. சேலத்தில் இருக்கும் அக்காவுக்கு அனுப்பலாம் என்று பிரவுசரின் முகவரிப் பட்டையைப் பார்த்தேன். ‘சேர்வராயன்-மலையில்-காபி-2’ என்று இருந்தது. பூப்பதையும் காணோம், பறிப்பதையும் காணோம்.

காரணம் இதுதான். என் தளத்தை நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸ் தலைப்பிலிருந்து உருவாக்கும் முகவரித் துண்டுக்கு, அதாவது ஸ்லக்குக்கு, 200 இடம்தான் உண்டு. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஓர் இடம் போதும். தமிழ்க் குறி ஒன்று, எழுத்தைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 3 பைட்; முகவரியில் ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு சேர்ந்து 3 இடம் பிடிக்கும். ஆக ஒரு குறிக்கு 9 இடம். ‘சே’ நமக்கு ஓர் எழுத்து. கணினிக்கு ‘ச’ ஒன்று, இரட்டைக் கொம்பு ஒன்று என்று இரண்டு குறி. ‘சேர்வராயன்’ 10 குறி, ‘மலையில்’ 7, ‘காபி’ 4. மொத்தம் 21 குறிக்கு 189 இடம், நடுவில் இரண்டு கோடு, 191 ஆயிற்று. அடுத்த ‘ப’வுக்கே இடமில்லை. இரண்டு தலைப்பும் ஒரே இடத்தில் வெட்டுப்பட்டதால் இரண்டாவதற்கு ‘2’ ஒட்டிக்கொண்டது.

ஒவ்வொரு முறையும் ஸ்லக்கைக் கையால் ஆங்கிலத்தில் எழுதிவிடலாம். மாதம் ஒன்று எழுதுகிறவருக்கு அதுவே போதும். நான் வாரம் இரண்டு எழுதுகிறேன், மறந்துவிடுகிறேன். அதனால் ப்ளகின், அதாவது வேர்ட்பிரஸோடு சேர்த்துக்கொள்ளும் ஒரு துணை நிரல், எழுதினேன். வேர்ட்பிரஸின் நிரல்மொழியான பி.எச்.பி கொஞ்சம் படிக்கத் தெரிந்தால் நீங்களும் ஒரு மாலையில் எழுதிவிடலாம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தளத்துக்குத் தோற்றம் தரும் தீமின் ஃபங்ஷன்ஸ் கோப்பில் எழுதாதீர்கள். நான் முதலில் அங்கேதான் ஒட்டினேன். அடுத்த முறை தீமை அப்டேட் செய்ததும் அந்தக் கோப்பு புதிதாக வந்து, நான் எழுதியது முழுக்கப் போய்விட்டது, பிரதியும் இல்லை. ப்ளகின் என்றால் தீம் மாறினாலும் நிற்கும். டபிள்யூபி-கன்டென்ட் ஃபோல்டருக்குள் ப்ளகின்ஸ் ஃபோல்டர் இருக்கும். அதில் உங்கள் பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் ஒரே ஒரு பி.எச்.பி கோப்பு. கோப்பின் தலையில் ஒரு குறிப்பு போட்டு, அதில் ‘ப்ளகின் நேம்’ என்று ஆங்கிலத்தில் எழுதி, முக்காற்புள்ளி வைத்து, ஒரு பெயர் கொடுங்கள். அந்த ஒரு வரி இருந்தாலே நிர்வாகப் பக்கத்துப் பட்டியலில் அது தெரியும். ஃபங்ஷன் பெயர்களுக்கு முன்னால் உங்களுக்கே உரிய ஒரு சொல்லைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் ஊர்ப் பெயரைச் சேர்த்தேன். வேறு ப்ளகினில் அதே பெயர் இருந்துவிட்டால் தளமே நின்றுபோகும்.

இப்போது வேலை. மூன்று பட்டியல் வேண்டும்: உயிரெழுத்துகளுக்கு ஒன்று, கிரந்தம் உட்பட மெய்களுக்கு ஒன்று, கால், கொம்பு, சுழி முதலான 11 உயிர்க்குறிகளுக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் எதிரில் ஆங்கில எழுத்து. தலைப்பைக் குறி குறியாகப் பிரித்து இடமிருந்து வலமாக நடந்து போங்கள். உயிர் வந்தால் அப்படியே மாற்றலாம். மெய்ப் பட்டியலில் உள்ளது வந்தால் அடுத்த குறியைப் பார்க்க வேண்டும். அது புள்ளியானால் மெய் மட்டும். உயிர்க்குறியானால் மெய்யோடு அந்த உயிர். இரண்டும் இல்லையென்றால் மெய்யோடு அகரம். நம் எழுத்தின் இலக்கணமே இவ்வளவுதான் என்பதால் நிரலும் சின்னதாகவே முடிந்துவிடும். ஒன்றாம் வகுப்பில் மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய் என்று படித்தது இங்கே வரிக்கு வரி அப்படியே நடப்பதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. உச்சரிப்புக்குள் போகாதீர்கள். ‘காபி’யின் ‘பி’யும் ‘தம்பி’யின் ‘பி’யும் ஒலியில் வேறுதான், ஆனால் முகவரிக்கு ஒரே எழுத்து போதும்.

நடக்கத் தொடங்கும் முன் ஒரு சுத்தம் செய்ய வேண்டும். ‘கொ’வில் வரும் குறியை ஒரே குறியாகவும் வைக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் வைக்கலாம், திரையில் வித்தியாசமே தெரியாது. வேறிடத்திலிருந்து ஒட்டிய தலைப்பில் இரண்டாக இருந்தால் ‘கொ’ என்பது ‘கெஆ’ ஆகிவிடும். ஒகரம், ஓகாரம், ஔகாரம் மூன்றுக்கும் பிரிந்த வடிவத்தைச் சேர்ந்த வடிவமாக முதலிலேயே மாற்றிவிடுங்கள்.

அப்புறம் இந்த ஃபங்ஷனை ‘ஸானிடைஸ் டைட்டில்’ என்ற ஃபில்டரில் மாட்ட வேண்டும். ஃபில்டர் என்பது வேர்ட்பிரஸ் ஒரு மதிப்பை நம் ஃபங்ஷன் வழியாக அனுப்பி மாற்றிக்கொள்ளும் இடம். வேர்ட்பிரஸின் சொந்த ஃபங்ஷன் அங்கே 10 என்ற வரிசையில் நிற்கிறது. அது தமிழை விழுக்காட்டுக் குறியாக்கும் முன் நம்முடையது ஓட வேண்டும். அதனால் 9 கொடுங்கள். ஃபங்ஷனுக்கு மூன்று மதிப்பு வரும்படி கேளுங்கள். மூன்றாவது, இது எந்தச் சமயத்து அழைப்பு என்று சொல்லும். அது ‘ஸேவ்’ ஆக இருந்தால் மட்டும் மாற்றி, மற்றபடி வந்ததை அப்படியே திருப்பி அனுப்புங்கள். இந்த வரியை நான் விட்டுவிட்டேன். பக்கத்தைத் தேடும்போதும் இதே ஃபில்டர் ஓடுகிறது; தமிழ் முகவரி கொண்ட என் பழைய கட்டுரைகள் எல்லாம் 404 காட்டின. நல்லவேளை, லேப்டாப்பில் வைத்திருந்த பிரதியில்தான் அப்படி ஆனது. நேரடியாகத் தளத்தில் சோதிக்காமல், சொந்தக் கணினியிலேயே தளத்தை ஓட்ட உதவும் எக்ஸாம்ப் போன்ற ஒன்றில் முதலில் ஓட்டிப் பார்ப்பது இதற்குத்தான். தளத்திலேயே ஏதாவது உடைந்து வெள்ளைத் திரை வந்தால், ஹோஸ்டிங்கின் ஃபைல் மேனேஜரில் ப்ளகின் ஃபோல்டரின் பெயரை மாற்றுங்கள். வேர்ட்பிரஸ் அதை விட்டுவிட்டு ஓடும்.

பழைய கட்டுரைகளின் முகவரியை நான் மாற்றவில்லை. யாராவது சேமித்து வைத்திருப்பார்கள்.

இதே எண்ணிக்கைச் சிக்கல் இன்னோர் இடத்திலும் வரும். பகிரும்போது தெரிகிற சுருக்கத்துக்காகக் கட்டுரையின் முதல் 150 எழுத்தை வெட்டினேன். ‘ஸப்ஸ்டர்’ பைட்டில் வெட்டும். கடைசியில் கறுப்புச் சாய்சதுரத்துக்குள் கேள்விக்குறி வந்தது. ‘எம்பி ஸப்ஸ்டர்’ குறியில் வெட்டும். ‘காபிப் பூ’ என்பது ‘காபிப் ப’ என்று நின்றது. சரியானது ‘கிராஃபீம் ஸப்ஸ்டர்’. ‘ஏற்காடு’ என்பதை எண்ணச் சொன்னால் முதலாவது குடும்பம் 21 என்கும், இரண்டாவது 7, மூன்றாவதுதான் நம் கணக்குப்படி 4. இதற்கு ஹோஸ்டிங்கில் ‘இன்டல்’ நீட்சி இருக்க வேண்டும், எல்லாரும் தருவதில்லை. ஃபங்ஷன் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அழையுங்கள்.

தளத்துக்காக நான் எழுதிய நிரல்களில் எனக்கு மிகப் பிடித்தது மழைக்கணக்கு நிரல். அப்பா தோட்டத்து மழையை நோட்டில் சென்ட் கணக்கில் எழுதி வைத்திருக்கிறார். 100 சென்ட் ஓர் அங்குலம், அதாவது 25.4 மில்லிமீட்டர். நான் மில்லிமீட்டரில் எழுதுகிறேன். இரண்டையும் ஒரே சி.எஸ்.வி கோப்பில் தட்டி, ஒரு ஷார்ட்கோட் வைத்தேன். கட்டுரையில் அதைப் போட்ட இடத்தில் அந்த மாதத்துக் கூட்டுத்தொகை வரும். ஷார்ட்கோட் ஃபங்ஷன் விடையை ‘ரிட்டர்ன்’ செய்ய வேண்டும்; ‘எக்கோ’ செய்தால் எண் கட்டுரைக்கு மேலே போய் நிற்கும். அப்பா பார்ப்பதற்காகப் பக்கத்திலேயே சென்ட் கணக்கையும் காட்டும்படி செய்திருக்கிறேன்.