பிரேக் பெடல் துடிப்பு: புது டிஸ்க் போட்டும் ஏன் திரும்ப வருகிறது?

பிரேக் மிதித்தால் பெடல் காலடியில் துடிக்கிறது என்று வண்டி வந்து நின்றதும், பட்டறைக்குப் புதிதாக வந்த தம்பிகள் முதலில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குத்தான் போன் போடுகிறார்கள். முன் டிஸ்க் ரெண்டு, பேட் ஒரு செட். அதற்குள் வீலைக்கூடக் கழற்றியிருக்க மாட்டார்கள். பேட் தேய்ந்து இரும்பு உரசுவதும் எண்ணெய் ஒழுகுவதும் யார் கண்ணுக்கும் தெரியும். அவற்றை இங்கே விட்டுவிடலாம். துடிப்பைச் சரிசெய்யும்போது வழக்கமாக நடக்கும் மற்ற தவறுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஓட்டிப் பார்க்காமல் ஜாக் போடுவது

80 கி.மீ. வேகத்தில் மெதுவாகப் பிரேக் பிடியுங்கள். ஸ்டீயரிங்கும் சேர்ந்து உதறினால் பெரும்பாலும் முன்பக்கம். ஸ்டீயரிங் சும்மா இருக்க, பெடலும் சீட்டும் மட்டும் ஆடினால் பின்பக்கத்தைச் சந்தேகப்படுங்கள். மைவி, சாகா போன்ற மலேசியக் கார்களில் பின்னால் பெரும்பாலும் டிரம் பிரேக்தான். ஆளில்லாத இடத்தில் 30 கி.மீ. வேகத்தில், கைப்பிரேக் பட்டனை அழுத்தியபடியே லேசாக இழுத்துப் பாருங்கள். அதே துடிப்பு வந்தால் டிரம்மின் வட்டம் கெட்டிருக்கிறது. முன் டிஸ்க்கை எத்தனை முறை மாற்றினாலும் அது போகாது. மின் கைப்பிரேக் உள்ள வண்டியில் இந்தச் சோதனை வேண்டாம்.

பிரேக்கைத் தொடாமலே வண்டி ஆடினால், முதலில் டயரையும் பேலன்சிங்கையும் பாருங்கள்.

ஏபிஎஸ் உதைப்பை டிஸ்க் என்று நினைப்பது

வண்டி நிற்கப்போகும் நேரத்தில், 10 கி.மீ.க்குக் கீழே மட்டும் பெடல் கரகரவென்று உதைத்தால், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் தேவையில்லாமல் வேலை செய்கிறது என்று சந்தேகப்பட்டு, வீல் சென்சாரையும் அதன் பல் வளையத்தையும் பாருங்கள். வளையத்தில் துருவோ விரிசலோ இருக்கும். ஸ்கேனரில் நான்கு சக்கர வேகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒன்று மட்டும் விட்டுவிட்டுக் காட்டும், அல்லது மற்றவற்றுக்கு முன்பே பூஜ்யத்துக்கு விழும்.

துடிப்புக்கு ஏர் எடுப்பது

பிரேக் லைனில் காற்று இருந்தால் பெடல் அமுங்கும், துடிக்காது.

ஹப் முகத்தைச் சுத்தம் செய்யாமல் டிஸ்க் மாட்டுவது

இத்தனை பேர் சொல்லியும் நிற்காத தவறு இது. பழைய டிஸ்க்கைச் சுத்தியலால் அடித்துக் கழற்றி, டிஸ்க் உட்காரும் சக்கர மையமான ஹப்பில் துருப்பொருக்கு ஒட்டியிருக்க, அதன்மேலேயே புதியதைச் செருகிவிடுவார்கள். அன்றைக்குப் பெடல் அருமையாக இருக்கும். வண்டிக்காரரும் சந்தோஷமாகக் காசு கொடுத்துவிட்டுப் போவார். 5,000 கி.மீ.யோ 10,000 கி.மீ.யோ ஓடியதும் திரும்பி வந்து, "அண்ணே, போன தடவைதானே டிஸ்க் மாத்தினீங்க?" என்பார். உடனே பழி டிஸ்க்மேல் விழும்: மட்டமான சாமான், சூட்டில் வளைந்துவிட்டது. அந்த டிஸ்க் வளையவே இல்லை.

நடப்பது இதுதான். 14 செ.மீ. அகல ஹப்பின் ஒரு ஓரத்தில் 0.05 மி.மீ. துரு இருந்தாலே, 25 செ.மீ. டிஸ்க்கின் விளிம்பில் ஆட்டம் ஏறக்குறைய 0.09 மி.மீ. ஆகிவிடும். இந்த ஆட்டம் அப்போதைக்குக் காலுக்குத் தெரியாது. ஆனால் பிரேக் போடாமல் ஓடும்போதும், ஒவ்வொரு சுற்றிலும் டிஸ்க்கின் அதே இடம் பேடை உரசும். அந்த இடம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து தடிமன் குறையும். தடிமன் வித்தியாசம் 0.02 மி.மீ. அளவுக்கு வந்தாலே பல வண்டிகளில் பெடல் துடிக்கத் தொடங்கும். பினாங்கில் கடலோரமாக நிற்கும் வண்டிகளில் ஹப் துரு இன்னும் மோசம்.

அதனால் டிஸ்க்கை அடித்துக் கழற்றாதீர்கள். பெரும்பாலான டிஸ்க்குகளில் இரண்டு மரை ஓட்டைகள் உண்டு. பொதுவாக எம்8 போல்ட் பொருந்தும். இரண்டையும் மாற்றி மாற்றி இறுக்கினால் டிஸ்க் தானாகக் கழன்று வரும். பிறகு ஹப் முகத்தைக் கம்பி பிரஷ்ஷாலும் 80 நம்பர் எமரித் தாளாலும் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்க்க வேண்டும். நட்டு ஏறும் ஸ்டட்டுகளின் அடியில்தான் பொருக்கு ஒளிந்திருக்கும், அங்கே பிரஷ் எட்டாது. சின்னத் துண்டுத் தாளை விரலால் பிடித்துச் சுற்றித் தேயுங்கள். பழைய டிஸ்க்கையே போடுவதானால் அதன் உள்முகத்துக்கும் இதே வேலை. தடிமனாக கிரீஸ் பூசாதீர்கள், அதுவும் ஒரு மேடுதான்.

டிஸ்க்கை மாட்டி, எல்லா நட்டுகளையும் வாஷர் வைத்து இறுக்கி, ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜை, சுற்றாத பாகமான நக்கிளில் பொருத்துங்கள். முனை டிஸ்க் விளிம்பிலிருந்து 10 மி.மீ. உள்ளே இருக்கட்டும். ஒரு முழுச் சுற்றில் ஆட்டம் 0.05 மி.மீ.க்குள் இருந்தால் நல்லது. தாண்டினால் டிஸ்க்கைக் கழற்றி ஒரு ஸ்டட் தள்ளி மாட்டி மறுபடி அளங்கள். நாலு ஸ்டட் என்றால் நாலு நிலை. எதிலும் இறங்கவில்லையா? டிஸ்க் இல்லாமல் ஹப்பையே அளங்கள். ஹப்போ பேரிங்கோ கெட்டிருந்தால் எந்த டிஸ்க்கும் உதவாது. இவ்வளவுக்கும் கூடுதலாக ஆகும் நேரம் ஒரு சக்கரத்துக்குக் கால் மணி. அதை மிச்சப்படுத்தித்தான் இரண்டாவது ஜோடி டிஸ்க்குக்கு ரிங்கிட் எண்ணிக் கொடுக்கிறார்கள்.

அளக்காமல் டிஸ்க்கை ஸ்கிம் செய்வது (கடைவது)

மைக்ரோமீட்டரால் டிஸ்க்கின் தடிமனை எட்டு இடத்தில் அளங்கள். குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். கடைந்த பிறகும் அதற்கு மேலே நிற்க வேண்டும். வெளி லேத்தில் கடைந்து துருப்பிடித்த ஹப்பில் மாட்டினால் பழைய கதைதான்.

ஏர் கன்னால் நட்டை இறுக்கி முடிப்பது

இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்ச், குறுக்குக் குறுக்காக, மேனுவலில் சொன்ன அளவு. சின்னக் கார்கள் பலவற்றுக்கு அது 100 நியூட்டன் மீட்டரை ஒட்டி வரும்.

கெந்திங் மலைச்சாலை இறங்கியதும் பெடலை அழுத்திப் பிடித்தபடி நிற்பது

சூடான பேட் டிஸ்க்கில் ஒரே இடத்தில் படிந்துவிடும். கீழ் கியரில் இறங்கச் சொல்லுங்கள். கோம்பாக் டோல் வரிசையில், சமதரையாக இருந்தால், பெடலை விட்டுவிட்டு முன்வண்டியோடு இடைவெளி வைத்து ஊர்ந்து போகலாம்.

கேலிப்பர் பின்னைப் பார்க்காமல் விடுவது

பேடை அழுத்தும் கேலிப்பர் இந்தப் பின்னில்தான் நகரும்; கையால் தள்ளினால் வழுக்க வேண்டும். இறுகியிருந்தால் கழற்றித் துடைத்து, பிரேக்குக்கான சிலிகோன் கிரீஸ் மட்டும் போடுங்கள்.

புது டிஸ்க்கை அப்படியே சாவியோடு கொடுத்தனுப்புவது

துருத்தடுப்பு எண்ணெயைப் பிரேக் கிளீனரால் துடைத்து எடுங்கள். பிறகு 60 கி.மீ.யிலிருந்து 10 கி.மீ. வரை, முழுவதும் நிறுத்தாமல், பத்து முறை மிதமாகப் பிரேக் பிடித்து, கொஞ்ச தூரம் பிரேக் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். 100 கி.மீ. ஓடியதும் வரச்சொல்லி, நட்டுகளில் மறுபடி டார்க் ரெஞ்ச் வையுங்கள்.