பழைய வீட்டுச் சுவருக்கு மூச்சு விடும் வெப்பக்காப்பு

சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய வீட்டுச் சுவர் மழையில் சற்று நனையும், பிறகு வெயிலிலும் காற்றிலும் தானாகவே உலரும். உள்ளே போன ஈரம் வெளியேறும் வழி அடைபடாத வரையில் அந்தச் சுவர் நூறாண்டுகளுக்கு மேலும் நிற்கும். இத்தகைய சுவரின் உட்புறத்தில் தெர்மோகோல் பலகையையும் பிளாஸ்டிக் படலத்தையும் ஒட்டினால் உலரும் வழி ஒரு பக்கம் முழுதாக மூடப்படுகிறது. ஓதம் சுவருக்குள் தங்கி, செங்கல் பொரிந்து, சுவரில் செருகியிருக்கும் உத்தரங்களின் நுனி கண்ணுக்குத் தெரியாமல் உளுத்துப்போகிறது. மரநார்ப் பலகை, தக்கை, ஆட்டு உரோமம், ஹெம்ப் (நாருக்காக வளர்க்கும் கஞ்சா இனச் செடி) தண்டுச் சிம்புகளைச் சுண்ணாம்பில் குழைத்த கலவை ஆகியவை வெப்பத்தைத் தடுத்துக்கொண்டே நீராவிக்கு வழி விடுவதால், பழைய வீட்டுக்கு இவையே பொருந்தும்.

பலகை வாங்குவதற்கு முன் சுவரை உலர்த்த வேண்டும். இந்த வரிசையை மாற்றியவர்களின் வேலை நிலைப்பதில்லை. கூரையின் மழைநீர்க் குழாய்கள் ஒழுகுகின்றனவா, வெளித்தரை காலப்போக்கில் மேடாகி உள்தரைக்கு மேலே வந்துவிட்டதா என்று முதலில் பார்த்துச் சரிசெய்யுங்கள். வெளித்தரை உள்தரையைவிட 150 மி.மீ. அளவாவது தாழ்ந்திருப்பது நல்லது. அடுத்து, சுவரில் விரலால் சில துளி நீரைத் தெளித்துப் பாருங்கள். துளி சிறிது நேரத்தில் உறிஞ்சப்பட்டு மங்கிய கறையானால் அந்தப் பரப்பு மூச்சு விடுகிறது; முத்துப்போல் உருண்டு வழிந்தால் மேலே இருப்பது எமல்ஷன் அல்லது எண்ணெய்ப் பெயிண்ட், அதை நீக்கியாக வேண்டும். பிற்காலத்தில் பூசிய சிமெண்ட் பூச்சையும் சிறிய உளியால் பொறுமையாகப் பெயர்க்க வேண்டும். பூச்சுடன் செங்கல்லின் முகமும் சேர்ந்து வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு, சுண்ணாம்பு வேலை பழகிய கொத்தனார் ஒருவரைக் கேளுங்கள். நனைந்து ஊறிய சுவர் மாதத்துக்கு ஏறத்தாழ 25 மி.மீ. ஆழம் உலரும் என்பது கட்டுமானத்தில் புழங்கும் கணக்கு. அதன்படி 225 மி.மீ. செங்கல் சுவருக்கு ஒன்பது மாதம்கூட ஆகலாம். உத்தர நுனிகளில் ஈரமானியைக் குத்திப் பார்க்கும்போது 20 சதவீதத்துக்குக் கீழே காட்டும் வரை காத்திருப்பதே முறை.

எந்தப் பொருளை எங்கே வைப்பது என்பதில் பெரிய குழப்பம் இல்லை. ஓரளவு நேராக இருக்கும் சுவருக்கு மரநார்ப் பலகை ஏற்றது. கல் துருத்திக்கொண்டு மேடுபள்ளமாக இருக்கும் சுவருக்கு ஹெம்ப் சுண்ணாம்புக் கலவை நல்லது. அதே தடிமனில் அது தரும் காப்பு பலகையைவிடக் குறைவு, ஆனால் இடுக்கு முழுவதையும் அது நிரப்பிவிடும். ஜன்னலின் பக்கச் சுவர்களில் இடம் இருக்காது என்பதால் 20 மி.மீ. தக்கை போதும். கைமரங்களின் இடையிலும் மரத்தளத்தின் அடியிலும் ஆட்டு உரோமம் வைக்கலாம். அது தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை ஏற்ற பின்னும், தொட்டால் உலர்ந்தே தெரியும். அந்துப்பூச்சிக்கு எதிராகப் பக்குவம் செய்ததா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள்.

தடிமனில் பேராசை வேண்டாம். 225 மி.மீ. செங்கல் சுவரின் வெப்ப இழப்பைக் குறிக்கும் யு மதிப்பு, சதுர மீட்டருக்கும் ஒரு டிகிரிக்கும் ஏறத்தாழ 2.1 வாட். 40 மி.மீ. மரநார்ப் பலகை சேர்த்தால் அது சுமார் 0.7 ஆகிறது, 60 மி.மீ. வைத்தால் 0.5, 100 மி.மீ. வைத்தால் 0.34. முதல் 40 மி.மீ. பலகையே இழப்பில் மூன்றில் இரண்டு பங்கைத் தடுத்துவிடுகிறது. அதற்கு மேல் ஏற்ற ஏற்ற வீட்டின் வெப்பம் சுவரை எட்டாமல், குளிர்காலத்தில் சுவர் மேலும் குளிர்ந்து, உலர்வதும் மெதுவாகிறது. 40 முதல் 60 மி.மீ. வரை போதும் என்பது என் கருத்து.

பலகையை ஒட்டும் முறையில்தான் வேலையின் உயிர் இருக்கிறது. பலகைக்கும் சுவருக்கும் இடையே காற்றிடம் சிறிதும் இருக்கக் கூடாது. ஏனெனில் பலகையின் பின்புறம் படியும் ஈரத்தைச் சுவரும் பலகையும் உறிஞ்சிப் பரப்ப, இரண்டும் ஒன்றையொன்று தொட்டாக வேண்டும். நான் முதன்முதலில் செய்த அறையில் சுண்ணாம்புக் கலவையை வடை வடையாக அப்பிப் பலகையை அமுக்கிவிட்டேன். இரண்டு மழைக்காலம் கழித்து ஒரு பலகையைப் பெயர்த்தபோது, கலவை பட்ட இடமெல்லாம் சுத்தமாகவும், இடைப்பட்ட இடமெல்லாம் கரும்பூஞ்சை பிடித்தும் இருந்தது. ஆகவே முதலில் மேடுபள்ளம் தீரச் சுண்ணாம்புச் சமன்பூச்சு பூசி நன்றாக உலர விடுங்கள். பின்னர் பலகையின் பின்புறம் முழுவதும் விளிம்பில் பல் வெட்டிய கொத்துக் கரண்டியால் கலவையை இழுத்து, சுவரில் வைத்து, இருபுறமும் சிறிது அசைத்து அழுத்துங்கள். மறுநாள் விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கனத்த ஓசை வந்தால் சரி, டொக்கென்று கேட்டால் பெயர்த்து மறுபடியும் ஒட்டுங்கள். செங்கல் வரிசையைப் போல இணைப்புகளை மாற்றி மாற்றி அமைத்து, இடுக்குகளை மரநார்த் துண்டுகளாலேயே அடைக்க வேண்டும். ஃபோம் அடிப்பது இவ்வளவு உழைப்பையும் கெடுக்கும். அதன் பிறகு பலகைக்குரிய ஆணிகளை அடித்து, வலை பதித்த சுண்ணாம்புப் பூச்சையும் மெல்லிய இறுதிப் பூச்சையும் இடலாம். பூச்சு வேகமாகக் காய்ந்தால் வெடிக்கும் என்பதால் சில நாட்கள் நீரைப் புகைபோலத் தெளியுங்கள். 5 டிகிரிக்குக் குறைந்த குளிரில் பூச வேண்டாம். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வையே போகக்கூடும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் கலவையைத் தொடாதீர்கள். வண்ணத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்போ சிலிகேட் பெயிண்டோ அடியுங்கள்.

உத்தரம் சுவருக்குள் நுழையும் இடத்தைச் சோம்பலால் விட்டுவிடுபவர்கள் அதிகம். அங்கே தளப்பலகையை எடுத்து, காப்பை உத்தரங்களுக்கு இடையே இறக்கி, ஒவ்வொரு உத்தரத்தைச் சுற்றியும் அறைக்காற்று புகாதபடி அடைக்க வேண்டும். அறையின் வெதுவெதுப்பான காற்று அந்தக் குளிர்ந்த நுனியில் பட்டு வியர்ப்பதால்தான் மரம் உளுக்கிறது. மூச்சு விடும் சுவர் என்றால் காற்று ஒழுகும் சுவர் என்று பொருளல்ல. நீராவி பூச்சின் ஊடே மெல்லக் கடக்கும், காற்றோ இடுக்கு வழியே பாயும்.

கூரையில் கைமரங்களின் இடையே வைக்கும் காப்புக்கும் ஓட்டின் அடித்தளத்துக்கும் இடையே 50 மி.மீ. காற்றோட்ட இடம் விட்டு, இறவாரத்தை அடைக்காமல் வையுங்கள். வெயில் கொளுத்தும் இடங்களில் அடர்த்தியான மரநார் இங்கே கூடுதல் பயன் தரும். அது வெப்பத்தைத் தன்னுள் தாங்கிக்கொண்டு பகல் சூட்டை இரவு வரை தாமதப்படுத்தும். மின்கம்பிகள் காப்புக்குள் புதைந்தால் சூடேறும் என்பதால், மூடுவதற்கு முன் எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள்.

ஏசி ஓடும் வீட்டில், புழுக்கமான காலங்களில் ஈரம் வெளியிலிருந்து உள்ளே வரும். இரு திசையிலும் வழி விடும் பொருளுக்கு அதனால் சிக்கல் குறைவு. பிளாஸ்டிக் படலம் இங்கும் கேடுதான். அடுக்களையிலும் குளியலறையிலும் வெளியேற்றும் விசிறி இல்லாவிட்டால், எந்தச் சுவராலும் அவ்வளவு நீராவியைச் சமாளிக்க முடியாது.

வேலை முடிந்த பின், மிகக் குளிர்ந்த மூலையில் ஓர் உத்தர நுனியை எட்டும்படி கழற்றக்கூடிய தளப்பலகை ஒன்றை விட்டு வையுங்கள். ஆண்டுதோறும் மழைக்காலம் முடிந்ததும் அங்கே ஈரமானியை வைத்து அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். எண் 20ஐத் தாண்டினால், பலகையைப் பெயர்க்கும் முன் வெளியே போய் அந்த மூலையின் மழைநீர்க் குழாயைப் பாருங்கள்.